ஒற்றை வழி ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு

வேலை கிடைத்தோ, மாற்றலாகியோ, கல்யாணமாகியோ எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும் நகரத்துக்குக் குடிபோகப் போகிறீர்கள். விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கேருந்து எத்தனை கிலோமீட்டர்?" அதைத் தெரிந்துகொண்டு பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்திலிருந்து அடுத்த பெரிய நகரமான அடிலெய்டுக்குச் சாலை வழியாகச் சுமார் 2,700 கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பவே வேண்டாம், அவ்வளவு நேரான சாலை. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் கதை வேறு. ரயில் எதிர்க்கரை வரை வருகிறது. நடுவில் இருப்பது லேனா என்ற ஆறு மட்டும்தான். ஆனால் அந்த ஆற்றில் பாலம் கட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கோடையில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு படகு போகும், கடுங்குளிரில் உறைந்த ஆற்றின் மேலேயே லாரி ஓடும். பனி கட்டத் தொடங்கும்போதும் உடையத் தொடங்கும்போதும் படகும் ஓடாது, லாரியும் ஓடாது. பெர்த்காரர் நினைத்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். யாகுட்ஸ்க்காரர் அந்த வாரங்களில் கண்ணுக்குத் தெரியும் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். ஊருக்குள் வர எத்தனை வழி? ஒவ்வொன்றும் எப்போதெல்லாம் அடைபடும்? அப்படிப்பட்ட ஓர் ஊரில் நான் ஐந்து வருடம் குடியிருந்தேன். கீழே இருப்பதில் பாதி அங்கே அடிபட்டுக் கற்றது.

படி 1: வழிகளைத் தாளில் எழுதுங்கள்

போவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து ஆள் வரும் வழி, சரக்கு வரும் வழி, மின்சாரம் வரும் வழி, இணையம் வரும் வழி என்று நான்கு வரி எழுதுங்கள். நான்கும் வேறு வேறு என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. தினமும் நான்கு விமானம் இறங்கும் ஊரிலும் அரிசி மூட்டையும் சிமென்டும் மாதம் இருமுறை வரும் கப்பலில்தான் வந்துகொண்டிருக்கும்.

பெரு நாட்டின் இகிட்டோஸ் நகரத்தில் லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள். வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பு இல்லாத நகரங்களில் உலகிலேயே பெரியது அதுதான். அங்கே ஆள் விமானத்தில் வரலாம், சரக்கு பெரும்பாலும் அமேசான் ஆற்றில் மிதந்து வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மின்சார வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது, மின்சாரமும் வெளி மின்தொகுப்போடு சேராமல் தனியாகத்தான் இயங்குகிறது. 2008 ஏப்ரலில் ஒரு பனிச்சரிவு நீர்மின் நிலையத்திலிருந்து வரும் கோபுரங்களைச் சாய்த்துவிட்டது. டீசல் ஜெனரேட்டர் கையில் இருந்ததால் ஊர் இருட்டில் மூழ்கவில்லை. ஆனால் மின்கட்டணம் ஏறத்தாழ ஐந்து மடங்கு எகிறியது. ஊரே விளக்கை அணைத்து, துணியைக் கொடியில் காயப்போட்டு, சில வாரங்களில் மின்சாரப் பயன்பாட்டைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது.

இணையமும் அப்படித்தான். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது நாட்டை வெளியுலகத்தோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. தலைநகர் இருக்கும் முக்கியத் தீவுக்கே இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. நமக்குப் பக்கத்தில் அந்தமானை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறக்கும்வரை, அங்கே எல்லாம் சாட்டிலைட்டை நம்பித்தான் ஓடியது. உங்கள் ஊருக்குக் கேபிள் எத்தனை என்று விசாரியுங்கள். "ஒன்று" என்று பதில் வந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் திட்டத்துக்கு மாற்று ஏற்பாடு ஒன்று வேண்டும்.

இன்னொரு வகை அடைப்பும் உண்டு, சட்டத்தால் வருவது. கோவிட் நேரத்தில் மேற்கு ஆஸ்திரேலியா தன் எல்லையை 2020 ஏப்ரலில் மூடியது. முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3-ல். சாலை இருந்தது, விமான நிலையம் இருந்தது, அனுமதிதான் இல்லை.

படி 2: போகும் முன் உடம்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

மூட்டை கட்டுவதற்கு முன் இதை முடியுங்கள். பல் டாக்டர், கண் டாக்டர், பொது மருத்துவர், இந்த வரிசையில். பல்லை முதலில் வைப்பதற்குக் காரணம், சொத்தைப் பல் உயிரை வாங்காது, ஆனால் அடுத்த விமானம் வரை தூங்கவும் விடாது. கூட்டமில்லாத ஊரில் எல்லாத் துறைக்கும் நிபுணர் இருக்க மாட்டார். மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகும் டாக்டர்தான் இருப்பார், அவர் வரும் தேதி ஊருக்கே மனப்பாடமாக இருக்கும்.

தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்காவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். அங்கே வேறு கம்பெனி மாத்திரைதான் கிடைக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் என்றால் 2 முதல் 8 டிகிரி குளிரில் அது பயணம் செய்ய வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு கரண்ட் போனால் எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது கண்ணாடி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கர்ப்பிணிகள் இருக்கும் குடும்பம் என்றால், அங்கே பிரசவம் பார்க்கிறார்களா என்பதை நேரடியாகவே கேளுங்கள். ஆர்க்டிக்கில் இருக்கும் லாங்யியர்பியனில் கர்ப்பிணிகள் குறித்த தேதிக்குச் சில வாரம் முன்பே நார்வேயின் பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே இருப்பது சின்ன மருத்துவமனை, சிக்கலான பிரசவத்துக்கு வசதி இல்லை. உங்கள் ஊரிலும் அப்படியென்றால் யார் கூடப் போவது, எங்கே தங்குவது, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கணக்கெல்லாம் ஏழாம் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

அவசரத்துக்கு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகும் வசதி யாரிடம் இருக்கிறது, காப்பீடு அந்தச் செலவைத் தருமா? பாலிசித் தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள். "ஆம்புலன்ஸ்" என்று போட்டிருந்தால் அது தரையில் ஓடும் ஆம்புலன்ஸாக மட்டும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்கு 1928-லிருந்து பறக்கும் டாக்டர் சேவை இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 3: எதை எடுத்துப் போவது, எதை விடுவது

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, கனமான சாமான்களை எடுத்துப்போவது. சோபா, கட்டில், அலமாரி எல்லாம் அங்கே செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், அதுவும் நிறைய. இப்படிப்பட்ட ஊர்களில் யாராவது ஒருவர் எப்போதும் காலி செய்துகொண்டே இருப்பார். கிடைக்காமல் போவதெல்லாம் சின்னச் சாமான்கள்தான். மிக்ஸியின் கப்ளர், குழாயின் வாஷர், உங்கள் அளவு செருப்பு, லேப்டாப் சார்ஜர், குழந்தைக்கு ஒத்துக்கொண்ட ஒரே சோப்பு. கையளவு பொருளுக்குத்தான் கை ஒடிந்தமாதிரி இருக்கும்.

சரக்கு வாடகைக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. கூரியரில் விமானம் மூலம் அனுப்பும்போது எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து, வரும் எண்ணை கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. தலையணையை விமானத்தில் அனுப்பினால் இரும்பு விலை கொடுப்பீர்கள். கப்பலில் போவதற்கு இடத்தைத்தான் அளப்பார்கள், ஆகவே புத்தகங்களைக் கப்பலில் போடுங்கள்.

லித்தியம் பேட்டரி, ஸ்பிரே டப்பா, பெயின்ட், தின்னர், சென்ட் பாட்டில் இவையெல்லாம் விமானச் சரக்கில் மாட்டிக்கொள்ளும் சாமான்கள். ஆன்லைனில் பவர் பேங்க் ஆர்டர் செய்தால் "உங்கள் முகவரிக்கு அனுப்ப இயலாது" என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பவர் பேங்கை மட்டும் நீங்கள் போகும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவர் வரை என்றால் பொதுவாகக் கேள்வி கேட்க மாட்டார்கள், 160-க்கு மேல் ஏற்றவே விடமாட்டார்கள்.

அப்புறம், விலை ஏன் இவ்வளவு என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லாரியோ கண்டெய்னரோ உங்கள் ஊருக்கு நிறைந்து வரும், திரும்பும்போது காலியாகப் போகும். அந்தக் காலிப் பயணத்தின் செலவையும் வரும் சரக்குதான் சுமக்கிறது. இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 4: முதல் மாதம், ஊரின் நாடியைப் பிடியுங்கள்

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சரக்கு வரும் நாளைத் தெரிந்துகொள்வது. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை கப்பல் கட்டும், புதன் காலை சரக்கு கடைக்கு வரும். முதல் மூன்று வாரம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பையைத் தூக்கிக்கொண்டு போய், வாடிய கீரையையும் வெறும் தட்டுகளையும் பார்த்துவிட்டு, "என்ன ஊர் இது" என்று திட்டிக்கொண்டு திரும்பினேன். நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை தற்செயலாகப் போனேன். கடை வாசலில் தேர்க்கூட்டம் போல ஜனம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஆள் பெயரைச் சொல்லி எடுத்து வைக்கிறார்கள். அதே கடைதான், போகும் நாளில்தான் விஷயம் இருந்தது.

வாரத்தைப் பிடித்த பிறகு வருடத்தைப் பிடியுங்கள். எந்த மாதம் கடல் கொந்தளிக்கும், எந்த மாதம் கணவாய் மூடும், எந்த மாதம் மூடுபனியில் விமானம் இறங்காது? இதை அரசாங்க இணையதளத்தில் தேட வேண்டாம், பத்து வருடம் கடை நடத்தியவரைக் கேளுங்கள். நாளின் எந்த நேரம் என்பதுகூட முக்கியம். லடாக்கின் லே நகரத்தில் மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும். காலை விமானம் ரத்தானால் "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று அங்கே சொல்ல முடியாது. அட்லாண்டிக் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் விமான நிலையத்தைக் கட்டி முடித்த பிறகுதான் ஓடுபாதையில் காற்றின் குணம் சரியில்லை என்பது பெரிய தலைவலியானது. பயணிகள் விமானச் சேவை தொடங்க 2017 அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை கேப்டவுனிலிருந்து ஐந்து நாளைக்கும் மேல் கப்பலில் வர வேண்டியதுதான்.

படி 5: எவ்வளவு ஸ்டாக் வைப்பது

2022 ஜனவரி கடைசியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொட்டிய மழையில் பெர்த்துக்குப் போகும் ரயில் பாதை பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. மூன்று வாரத்துக்கும் மேல் ரயில் ஓடவில்லை. இருபது லட்சம் பேருக்கு மேல் வாழும் பணக்கார நகரம் அது. அங்கேயே சூப்பர் மார்க்கெட் தட்டுகள் காலியாகி, ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். பசியால் யாரும் சாகவில்லை என்பது வேறு விஷயம். ஒரே பாதையை நம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

என் கணக்கு எளிது. வழக்கமாகச் சரக்கு வரும் இடைவெளியை எடுத்து அதை மூன்றால் பெருக்குங்கள். வாரம் ஒருமுறை கப்பல் என்றால் மூன்று வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தை இருந்தால் பால் பவுடர், டயப்பர், மாதவிடாய் அணையாடை, கேஸ். ஒரு கப்பல் தவறிப் போகும், அடுத்தது பாதி சரக்கோடு வரும், அதற்கு அடுத்ததில்தான் ஊர் மூச்சுவிடும். வருடத்தில் பல மாதம் வழி அடைபடும் ஊர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, ஊர்க்காரர்கள் எவ்வளவு வாங்கி வைக்கிறார்களோ அவ்வளவு.

ஆனால் பதுக்காதீர்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு கடைக்கு ஓடி நாற்பது பாக்கெட் அள்ளுகிறவரை ஊர் மறக்காது. ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் சாப்பிட்டு வந்தால் இரண்டு மாதத்தில் யாருக்கும் தெரியாமல் அலமாரி நிறைந்துவிடும்.

படி 6: தூக்கிப் போடாதீர்கள்

இப்போது கண்ணாடிக் கதை. போன ஐந்தாவது மாதம் என் மூக்குக்கண்ணாடியின் கீல் உடைந்தது. ஊரில் கண்ணாடிக் கடை ஒன்று, அந்த மாடலுக்குப் பாகம் வர மூன்று வாரம் என்றார்கள். இரண்டாவது கண்ணாடி என்னிடம் இல்லை. செலோடேப்பைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். நான்காவது நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நிறுத்தி, "கழட்டுங்க தம்பி" என்றார்.

அவர் வீட்டுக் கூடத்தில் தையல் மெஷின் மேஜை ஒன்று இருந்தது, மெஷின் இல்லாமல். இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தைல டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் பேனாவால் எழுதிய ஒரு சொல்: ஸ்பிரிங், கம்பி, பொடி ஸ்க்ரூ, வாட்ச். "பொடி ஸ்க்ரூ" டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்து, எறும்பு அளவு இருந்த ஒன்றை விரல் நுனியில் எச்சில் தொட்டு ஒட்டி எடுத்தார். அது சேரவில்லை. அடுத்தது. அதுவும் சேரவில்லை. ஆறாவதோ ஏழாவதோ இறங்கியது. மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த முனையை நகவெட்டியால் கடித்து எடுத்து, அரத்தால் இரண்டு தேய்ப்பு. "இது ஒரு ரேடியோவில இருந்தது" என்றார். அந்த ஸ்க்ரூ இன்றும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது.

வழி குறைந்த ஊர்களில் வீட்டுக்கு ஓர் இழுப்பறை இப்படி இருக்கும். நீங்களும் ஒன்று தொடங்குங்கள். எரிந்துபோன ஃபேனின் கண்டென்சர், பழைய சார்ஜரின் வயர், உடைந்த பெட்டியின் ஜிப் என்று எதையும் குப்பையில் போடும் முன் ஒரு தடவை யோசியுங்கள். ஒரு மல்டிமீட்டரும் நல்ல ஸ்க்ரூடிரைவர் செட்டும் வாங்கிக்கொண்டு போவது எந்தப் பாத்திரத்தையும்விட உருப்படியான செலவு. பெரிய சாமான் வாங்கும்போது ஊரில் எந்தப் பிராண்டு அதிகம் ஓடுகிறதோ அதையே வாங்குங்கள். எல்லோரிடமும் இருப்பதற்குத்தான் உதிரிபாகம் வரும், ரிப்பேர் தெரிந்த கையும் இருக்கும். வித்தியாசமாக இருக்க வேண்டும் என்ற ஆசையைச் சட்டை எடுக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஊரில் பிளம்பர் ஒருவர், எலக்ட்ரீஷியன் இருவர் என்றால் அவர்களோடு சண்டை போடும் வசதி உங்களுக்குக் கிடையாது. "வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்ற வசனத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படி 7: "எத்தனை வருஷம் இருப்பீங்க?"

புதிதாகப் போனவரிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி இது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து, பழகி, ஒட்டி, பிள்ளைகள் சிநேகமான பிறகு ஒருநாள் லாரி ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளூர்க்காரருக்கு அது வருடாவருடம் நடக்கும் பிரிவு. கேள்வியின் பொருள், "உங்களோடு பழகினால் எனக்கு வலிக்குமா?" என்பதுதான். உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். பொய்யாக "செட்டில் ஆகத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு மெதுவாகத் திறக்கிறது.

பழகுவதற்குக் குறுக்கு வழி, ஏதாவது ஒரு வேலையில் கைகொடுப்பது. டியூஷன், கோயில் வேலை, கிரிக்கெட் டீம், ரத்ததானப் பட்டியல், எதுவானாலும் சரி. ரத்ததானப் பட்டியலை முதலில் பாருங்கள். வெளியிலிருந்து ரத்தம் வரத் தாமதமாகும் ஊரில் உங்கள் ரத்த வகை ஆஸ்பத்திரிக்குத் தெரிந்திருப்பது பெரிய அறிமுகம்.

ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரத்துக்காரர்கள் மற்ற ரஷ்யாவைப் "பெருநிலம்" என்று பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் தீவில் இல்லை, அதே கண்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் சாலையும் ரயிலும் நாட்டின் மற்ற பகுதியோடு சேரவில்லை, ஆகவே மனதுக்குள் தீவு. நீங்கள் போன ஊரிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். அந்தமானில் "மெயின்லேண்ட்" என்பார்கள். அந்தச் சொல் உங்கள் வாயில் இயல்பாக வரத் தொடங்கினால் ஊர் உங்களைப் பாதி எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

படி 8: மூச்சு முட்டும் காலம்

ஹவாயில் இதற்கு "ராக் ஃபீவர்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பாறையில் மாட்டிக்கொண்ட காய்ச்சல். ஹொனலுலுவிலிருந்து கலிபோர்னியா சுமார் 3,850 கிலோமீட்டர், எந்தப் பக்கம் கார் ஓட்டினாலும் ஒரு பொழுதுக்குள் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். எனக்கு இது ஏழாவது மாதம் வந்தது. அதே முகங்கள், அதே தெரு, ஒரே தியேட்டர், அதே படம். காரணமில்லாமல் கோபம்.

இதற்கு ஊருக்குள் மருந்து தேடுவதைவிட, வெளியே போகும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு நீண்ட பயணத்தைவிட இரண்டு குட்டிப் பயணம் உதவும். தேதி கையில் இருந்தால் நாளை எண்ணலாம். சீக்கிரம் பதிவு செய்தால் மலிவாகவும் இருக்கும், இப்படிப்பட்ட ஊர்களில் கடைசி நேர டிக்கெட்டுக்கு எப்போதும் கழுத்தறுப்பு விலைதான். சூரியனே எட்டிப் பார்க்காத துருவக் குளிர்காலம் உள்ள ஊர் என்றால் பயணத்தை அந்த மாதங்களில் வையுங்கள், வைட்டமின் டி பற்றி டாக்டரிடமும் கேளுங்கள்.

படி 9: அந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள்

யாரும் எழுதித் தராத படி இது. கிளம்பும் முன் அம்மா அப்பாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எனக்காகக் காத்திருப்பீர்களா, எடுத்துவிடுவீர்களா?

நாங்கள் பேசவில்லை. என்னை வளர்த்த பெரியப்பா போன செய்தி ஒரு சனிக்கிழமை இரவு வந்தது. ஞாயிறு காலை விமானத்துக்கு டிக்கெட் கிடைத்தது. விமான நிலையம் போய் உட்கார்ந்தேன். மூடுபனி. ஒன்பது மணிக்குப் பத்து மணி என்றார்கள், பத்துக்குப் பன்னிரண்டு என்றார்கள். அங்கே அவரை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, "கிளம்பிட்டானா?" என்று அக்கா அரைமணிக்கு ஒருதரம் கூப்பிட்டாள். இரண்டு மணிக்கு விமானம் ரத்து. "எடுத்துடுங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, அறிவிப்புச் சத்தத்துக்கு நடுவில், கத்தி. காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு என் மேல் வருத்தம், எனக்கு மூடுபனி மேல் வருத்தம். முன்பே "இத்தனை மணி நேரம் பார்ப்போம், அதற்கு மேல் வேண்டாம்" என்று பேசி வைத்திருந்தால் அந்தச் சொல்லை நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பேச்சோடு பணமும் வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் கடைசி நேர விலையில் ஒருமுறை போய்வரும் அளவு பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, தொடாதீர்கள். இடைவழியில் ஒரு ராத்திரி தங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான கல்யாணம், பரீட்சை, விசா நேர்காணல் எதுவானாலும் முதல்நாள் விமானத்தை நம்பாதீர்கள், இரண்டு நாள் முன்னால் போய் இறங்குங்கள்.

படி 10: கிளம்பும்போது

லாபம் ஒன்று இருக்கிறது என்றேனே, அது இது. கண்டெய்னர்கள் காலியாகத் திரும்பும் ஊர் என்றால் வெளியே போகும் சரக்குக்கு வாடகை பெரும்பாலும் குறைவு. வந்தபோது கேட்ட விலையை மனதில் வைத்துக்கொண்டு பயந்து எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள், முதலில் விலை கேளுங்கள். விற்பதை மாற்றல் காலம் தொடங்கும் முன்பே விற்றுவிடுங்கள். எல்லோரும் காலி செய்யும் மாதத்தில் ஃபிரிட்ஜுக்கு மதிப்பே கிடையாது.

நான் குடிபோன வீட்டில் பழைய வாஷிங் மெஷின் ஒன்று இருந்தது. இரண்டாம் வருடம் அதன் பெல்ட் அறுந்தது. பின்பக்கப் பலகையைக் கழற்றினால் உள்பக்கம் செலோடேப்பால் ஒட்டிய ஒரு பாலிதீன் கவர், அதற்குள் புது பெல்ட் ஒன்று, கூடவே ஒரு துண்டுச் சீட்டில் அளவு. யார் வைத்தார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் அதே அளவில் ஒன்று ஆர்டர் செய்தேன், வந்து சேர ஆறு வாரம் ஆனது. கவர் அதேதான், டேப் மட்டும் புதிது.